நெடுந்தீவில் லொறி ஓட்டிய வசந்தி

வாடிக்கையாளர் ஒருவர் "வீட்டில பெடியன் ஒருத்தன் கேட்கிறான்" என்று சொன்னால், அந்தப் பெடியனோடு கதைக்கக் கேளுங்கள். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். வன்தட்டு, நினைவகம், மின்கலம் பற்றியெல்லாம் எங்கள் கடையில் திருத்துகிற நேசன் என்னைவிடத் தெளிவாகச் சொல்லித்தருவார். நான் சொல்லப்போவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைப் பற்றி. இதில் வரும் வசந்தி என்பதும் ரூபன் என்பதும் உண்மைப் பெயர்கள் அல்ல. இதைச் சொல்லலாமா என்று வசந்தியிடம் கேட்டேன். பெயரை மாற்றிச் சொல்லுங்கோ என்றாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழின் பக்க வடிவமைப்புப் பிரிவில் வேலை செய்துவிட்டு, பிறகு ஊர்காவற்றுறையில் இந்தக் கணினி திருத்தும் கடைக்கு வந்தவள் நான். வந்த காலத்தில் தீவுகளிலிருந்து எங்களிடம் வந்த மடிகணினிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு உறவினர் பாவித்து முடித்துக் கொண்டுவந்து கொடுத்தவை. புதிய விண்டோஸ் அவற்றில் ஏறாது. பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. அப்படிப்பட்ட இயந்திரத்தில் லினக்ஸை ஏற்றினால் அது இன்னும் சில வருடங்கள் ஒழுங்காக ஓடும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. இன்று நீங்கள் நாள்தோறும் செய்கிற வேலைதான்.

கடல் கடந்து போகிற இயந்திரத்துக்கு மட்டும் எங்களிடம் ஒரு விதி இருந்தது. நெடுந்தீவுக்காரர் தங்கள் கணினியை, படகில் வருகிற யாராவது தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். அது குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ்ஸில் ஏறி எங்களிடம் வரும். திரும்பிப் போவதும் அப்படித்தான். போன இயந்திரம் பழுதாகிவிட்டால் மறுபடியும் அதே பயணம். சோளகக் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. ஆகவே, உரிமையாளர் அந்தக் கணினியில் என்ன செய்வாரோ அது முழுவதையும் நாங்கள் இங்கே செய்து பார்த்த பின்னரே படகுக்கு அனுப்புவோம். அதற்காகத்தான் கேட்போம்: "இதில நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

வசந்தி நெடுந்தீவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தாள். நாற்பதைத் தாண்டியவள். தொலைபேசியில் அவள் தந்த பதிலை அப்படியே சொல்கிறேன்.

"கடைக் கணக்கு ஏதும் இருந்தால் போடுவன். படம் பார்ப்பன். வேற ஒண்டும் இல்லை அக்கா."

நேசன் பழைய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது உள்ளே ஒரு விளையாட்டு இருப்பதைக் கண்டார். ஐரோப்பிய வீதிகளில் சரக்கு லொறி ஓட்டுகிற விண்டோஸ் விளையாட்டு. கணக்கு, படம், அதோடு ஒரு லொறி. வீட்டில் ஒரு பெடியன் இருக்கிறான், அவனை ஏமாற்றக் கூடாது என்று நேசன் முடிவு செய்தார். கேட்காமலேயே அந்த விளையாட்டையும் லினக்ஸில் ஓடச் செய்தார்.

இது எப்படி ஓடுகிறது என்பதை உங்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். மேசையில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர் அவை வர வரத் தமிழில் எழுதிக்கொண்டே இருப்பார். அச்சுக்கோர்ப்பவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டு ஓடும்போதும் நடுவில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விளையாட்டு விண்டோஸிடம் கேட்கிற ஒவ்வொன்றையும் அவர் லினக்ஸுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லி, பதிலைத் திருப்பிச் சொல்கிறார். வேகமாக, களைக்காமல், ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான தடவைகள். அதை எழுதியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சம்பளமில்லாமல் எழுதியவர்கள். எனக்கு அவர்கள்மேல் அன்றும் இன்றும் மரியாதை உண்டு.

நேசன் லொறியை எடுத்து, சரக்கு ஏற்றி, ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போய் இறக்கிப் பார்த்தார். சத்தம் சரி. படம் சரி. கணினி குறிகட்டுவானுக்குப் போனது.

இரண்டு நாளில் வசந்தி அழைத்தாள்.

"அக்கா, இந்த லொறிக் கேம் ஓடுது. ஆனால் பெரிய றோட்டுக்குப் போக விடுதில்லை. பெடியன் கேட்கிறான்."

"பெரிய றோட்டு எண்டால்?"

"எல்லாரும் வந்து ஓடுற இடம் அக்கா. இணையத்தில. பெடியன்தான் சொன்னவன். எனக்குத் தெரியாது."

மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களில் ஒருவர் நெடுந்தீவுக்குப் போய் அங்குள்ள வாசிகசாலையில் இருந்து சிறிய திருத்தங்களைச் செய்வது வழக்கம். அந்த ஞாயிறு என்னுடைய முறை. காலைப் படகில் போய் வாசிகசாலை வேலைகளை முடித்துக்கொண்டு, மத்தியானம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். பின்னேரப் படகில் திரும்ப வேண்டும்.

வாசலில் ஒரே ஒரு சோடிச் செருப்பு இருந்தது. பெண்களின் செருப்பு. கொடியில் ஒருவருக்கான உடுப்பு. குசினியில் அடுப்பருகே ஒரு கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கண் பழக்கத்தில் வந்துவிடும். அறைக்குள் மேசையில் கணினி இருந்தது. அதற்கு முன்னால், பழைய சேலைத் துண்டொன்றால் மூடிய வட்டமான பொருள் ஒன்று.

"பெடியன் எங்கை?" என்று கேட்டேன்.

அவள் யன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பெடியனும் இல்லை, ஒருத்தரும் இல்லை அக்கா. நான்தான்."

சேலைத் துண்டை எடுத்தாள். கீழே விளையாட்டுக்கான ஸ்டியரிங் ஒன்று. மேசைக்கடியில், சீமெந்து நிலத்தில் வழுக்காமல் இருக்க ஒரு சாக்கை மடித்து வைத்து, அதன்மேல் மிதிகட்டைகள்.

"தம்பி பிரான்சிலயிருந்து அனுப்பினவன். சங்கக்கடையில தெரிஞ்சால் என்னை லொறிக்காரி எண்டு கூப்பிடத் தொடங்கிடுவினம். அதுதான் சொல்லேல்லை."

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்குச் சொல்லவும் வெக்கமாய் இருந்தது. இந்த வயசில."

எங்கள் விதியில் இருந்த ஓட்டை அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர்கள் கணினியில் செய்கிற வேலையை எங்களிடம் சொல்லுவார்கள். கணினி அவர்களுக்கு எதற்குத் தேவை என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதிலும் எங்கள் தீவுகளில், சம்பளத்துக்கு வேலை செய்கிற ஒரு பெண், தான் விளையாடுகிறேன் என்று ஒருபோதும் சொல்ல மாட்டாள். இல்லாத ஒரு பெடியனை வீட்டில் உண்டாக்குவாள்.

அவளுக்கு எதற்குத் தேவை என்பதை அவள் கதிரையில் இருந்து சொன்னாள். தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தவன் ரூபன் ஒருவன்தான். பாரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. அங்கே தங்குவதற்கான அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தான். தொலைபேசியில் அழைத்தால் "சுகம், நீ சுகமோ" என்பான், வைத்துவிடுவான். பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, அவனுக்கு வேலை தொடங்க முன்னர், இருவரும் விளையாட்டில் சந்திப்பார்கள். அவள் முன்னால் போவாள். அவன் பின்னால் வருவான். விளையாட்டு லொறியில் இருக்கிற இருவழி வானொலியில் கதைத்துக்கொண்டே ஓடுவார்கள்.

"என்ன கதைப்பீர்கள்?"

"றோட்டைப் பற்றி. மழை. போலீஸ் கமரா. நான் சிவப்பு லைற்றில நிண்டால் பகிடி பண்ணுவான். 'உனக்கு ஆரக்கா லைசன்ஸ் தந்தது, சைக்கிள் கடைக்காரனோ' எண்டு கேட்பான்." அவள் ஸ்டியரிங்கைத் தடவினாள். "அதில மட்டும்தான் அக்கா அவன் கதைக்கிறவன்."

"இப்ப எத்தினை கிழமையாய் ஓடேல்லை?"

"கணினி உங்களிட்டை வந்ததிலயிருந்து. மூண்டு ஞாயிறு." பிறகு அவள் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "அதுக்கு முதலே அவன்ர ஓட்டம் சரியில்லை அக்கா. லைற் போடாமல் ஓடுறான். முந்தி றோட்டுக் கரைக் கம்பியில ஒருநாளும் அடிக்க மாட்டான். இப்ப ஒவ்வொரு வளைவிலயும் அடிக்கிறான். கேட்டால், நித்திரை எண்டுறான். அது நித்திரை இல்லை. எனக்கு அவனைத் தெரியும்."

ஒரு சகோதரன் சுகமாக இருக்கிறானா இல்லையா என்பதை அவன் லொறி ஓட்டுகிற விதத்திலிருந்து வாசிக்கிற ஒருத்தியை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. செய்தியாளர்களில் பலருக்கு அந்தக் கவனம் இருந்ததில்லை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் பெரிய றோட்டுக்கு வந்துவிடுவான். இன்றும் அவள் இல்லையென்றால் இனி வருவானோ தெரியாது. அதுதான் அவளுடைய பயம்.

கணினியை இயக்கிப் பார்த்தேன். விளையாட்டு நன்றாக ஓடியது. ஸ்டியரிங்கை லினக்ஸ் உடனே அறிந்துகொண்டது. பெரிய றோட்டுக்குள் நுழையும் இடத்தில் மட்டும் தடுத்துத் திருப்பி அனுப்பியது. இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும் இடங்களில் ஏமாற்றுக்காரரைப் பிடிக்க ஒரு காவல் நிரல் இருக்கும். எங்கள் மொழிபெயர்ப்பாளரைப் போல நடுவில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், அந்தக் காவலுக்குச் சந்தேகம் வந்துவிடும். இது பழுது அல்ல. காவல் தன் வேலையைச் செய்கிறது. ஆகவே இதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஊர்காவற்றுறைக்கு அழைத்து நேசனிடம் சொன்னேன். தொலைபேசியை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன். அவர் சில நிமிடங்கள் தேடினார்.

"அக்கா, ஒரு வழி இருக்கு. ஒரு சின்னக் கோப்பு. அதைப் போட்டால், விண்டோஸிலதான் ஓடுது எண்டு காவல் நம்பிடும். கன பேர் போட்டிருக்கினம். உள்ள போகலாம்."

"பிடிபட்டால்?"

"சில பேருக்குத் தடை விழுந்திருக்கு."

"எத்தினை நாள் தடை?"

"நாள் கணக்கில்லை அக்கா. அந்த விளையாட்டுக் கணக்கு அதோட சரி. அந்தப் பெயரில இனிப் பெரிய றோட்டுக்கு ஒருநாளும் போகேலாது."

வசந்தி என் கையைப் பிடித்தாள். "போடுங்கோ அக்கா. இண்டைக்கு ஒருக்கால் போனால் காணும்."

இந்த இடத்தில்தான் நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். உங்கள் முன்னால் ஒருவர் அழுகிற நிலையில் இருக்கிறார். கையில் ஒரு வழி இருக்கிறது. அது அனேகமாக வேலை செய்யும். படகுக்கு நேரமாகிறது. வழி அனேகமாக வேலை செய்யும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. நிச்சயம் வேலை செய்யாத வழியை யாரும் தொட மாட்டார்கள்.

எனக்கு அப்போது எங்கள் பத்திரிகையின் மொழிபெயர்ப்பாளர் நினைவுக்கு வந்தார். அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. ஒருமுறை ஏதோ ஒரு நாட்டின் அகதி விண்ணப்ப விதிகள் பற்றிய செய்தி கடைசி நேரத்தில் வந்தது. அதில் ஒரு வரி இரண்டு விதமாக வாசிக்கக்கூடியதாக இருந்தது. ஒரு விதமாக வாசித்தால் பழைய விண்ணப்பதாரருக்கும் அந்த விதி பொருந்தும். மற்ற விதமாக வாசித்தால் பொருந்தாது. அச்சு இயந்திரம் காத்திருந்தது. ஆசிரியர் பீடத்திலிருந்து ஒருவர் வந்து, "எப்பிடியும் ஒண்டுதானே ஐயா, போடுங்கோ" என்று கத்தினார். மொழிபெயர்ப்பாளர் தலை நிமிரவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டார். மிச்சத்தைக் கொடுத்தார். பிறகு தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "பிழையாய்ப் போட்டால் நாளைக்கு ஆயிரம் வீட்டில சோறு இறங்காது. திருத்தம் போடலாம்தான். ஆனால் திருத்தத்தை ஆர் வாசிக்கிறது?"

மீளப் பெற முடியாத ஒன்றைப் பணயம் வைத்து ஊகிக்கக் கூடாது. அவரிடம் நான் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

வசந்தியிடம் நேராகச் சொன்னேன். "நான் அதைப் போட மாட்டன். இண்டைக்கு உள்ள போகலாம். நாளைக்குத் தடை விழுந்தால், உமக்கும் தம்பிக்கும் இருக்கிற ஒரே ஒரு இடமும் இல்லாமல் போயிடும். அதைத் திருப்பித் தர என்னால ஏலாது."

அவளுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

"உங்களுக்கென்ன அக்கா. நீங்கள் பின்னேரப் படகில போயிடுவியள். நான்தான் இஞ்சை இருந்து யோசிச்சுக்கொண்டு இருக்கிறது."

"ஓம். அதுக்காகத்தான் சொல்லுறன்."

அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரம் ஒன்றைத் தேவையில்லாமல் கழுவும் சத்தம் கேட்டது. தொலைபேசியில் நேசன் மெதுவாக, "அக்கா, கோவிச்சிட்டாவோ?" என்று கேட்டார்.

"ஓம். நீர் தேடும். வேற வழி."

நேசனிடம் நான் மதித்த குணம் இது: தன்னுடைய வழி வேண்டாம் என்று சொன்னால் அவருக்கு மனம் நோகாது. உடனே அடுத்ததைத் தேடுவார். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் விளையாடுகிறவர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் குறிப்புகள் எழுதி வைப்பார்கள். இன்ன விளையாட்டு ஓடும், இன்ன இடத்தில் நிற்கும், நின்றால் இப்படிச் செய். முகம் தெரியாத ஆட்கள். நான் பல வருடங்கள் நிருபர்களின் செய்திகளைப் பக்கத்தில் வைத்தவள். கண்டதை மட்டும் எழுதி, காணாததைக் காணவில்லை என்று எழுதுகிற நிருபர் அபூர்வம். இந்தக் குறிப்புகளில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். "எனக்கு ஓடியது, ஆனால் ஒலிவாங்கியை நான் சோதிக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பார். அந்த இரண்டாவது பாதிக்காகவே அவரை நம்பலாம்.

அப்படி ஒரு குறிப்பை நேசன் வாசித்துக் காட்டினார். பெரிய றோட்டுக்குத்தான் காவல். அதே விளையாட்டில் தனி றோட்டு ஒன்றும் உண்டு. ஒருவர் திறந்து, தனக்குத் தெரிந்தவர்களை மட்டும் அழைக்கலாம். அதில் காவல் இல்லை. லினக்ஸிலிருந்தும் போகலாம், எழுதியவர் போய்ப் பார்த்திருக்கிறார், வானொலியும் கேட்டதாம்.

"அப்ப வசந்தி திறக்கட்டும்," என்றேன்.

"அது சரிவராது அக்கா. உங்கை தீவில கைத்தொலைபேசி இணையம்தானே. திறக்கிற ஆளின்ர இணைப்புத்தான் ரெண்டு லொறியையும் தாங்க வேணும். அறுந்துகொண்டே இருக்கும். தம்பிதான் திறந்து கூப்பிட வேணும்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. வசந்தி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவன் கூப்பிட மாட்டான்," என்றாள். "அவன் ஆரையும் ஒண்டுக்கும் கூப்பிடுறவன் இல்லை அக்கா. நான் போய் நிப்பன், அவன் வந்து பின்னால சேருவான். அவ்வளவுதான்."

"கேட்டுப் பாரும்."

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடியும் எழுதினாள். பிறகு எழுதுவதை விட்டுவிட்டுக் குரலில் பேசி அனுப்பினாள். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"டேய் தம்பி, என்ர கணினி இப்ப வேற மாதிரி. பெரிய றோட்டுக்கு என்னை விடுறாங்கள் இல்லை. நீ தனி றோட்டைத் திறந்து என்னைக் கூப்பிடு. நான் இருக்கிறன். கூப்பிடு என்ன."

அவன் அதைக் கேட்டுவிட்டான் என்பதற்கான அடையாளம் திரையில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

வெயில் முற்றத்தில் சாய்ந்தது. அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இருந்தாள். நான் தேநீர் கேட்கவில்லை, அவள் தரவும் இல்லை. நான் எடுத்த முடிவு சரியானதா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. அதை உங்களிடம் மறைக்கத் தேவையில்லை. சரியான முடிவு எடுத்தவர்களுக்கு அந்தக் கணத்தில் மனம் அமைதியாக இருக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நான் அந்தக் கோப்பைப் போட்டிருந்தால் அவள் இந்நேரம் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகுக்குப் புறப்பட வேண்டிய நேரம் கிட்டியது. பையை எடுத்தேன். அப்போது கணினித் திரையின் மூலையில் ஒரு சிறிய பெட்டி வந்தது. ரூபன் உங்களை அழைக்கிறார்.

"ஐயோ அக்கா, இதில எதை அமத்துறது?"

"ஓம் எண்டிறதை."

அவள் அமத்தினாள். திரை கறுத்தது. பிறகு ஒரு வீதி வந்தது. லேசான மழை. அவளுடைய லொறி ஓர் எரிபொருள் நிலையத்துக்கு வெளியே நின்றது. பின்கண்ணாடியில் இன்னொரு லொறி தெரிந்தது. அதற்கு லைற் இல்லை.

"டேய், லைற்றைப் போடடா," என்றாள் வசந்தி. அதுதான் அவளுடைய முதல் வார்த்தை.

ஒரு கணம் கழித்துப் பின்கண்ணாடியில் இரண்டு வெளிச்சங்கள் எரிந்தன.

அவள் வெறும் காலால் மிதிகட்டையை மெதுவாக அழுத்தினாள். அவள் ஓட்டுவதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டாத பெண். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வருகிறவனுக்கு இடம் விட்டு ஓட்டினாள். பெரிய சரக்கு வண்டியை இவ்வளவு பொறுமையாக ஓட்டுகிற ஒருவரை யாழ்ப்பாண வீதியிலும் நான் கண்டதில்லை. முதல் சந்தியில் சிவப்பு விழுந்தது. நின்றாள்.

அவனுடைய பகிடி வரவில்லை. வானொலியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவனுடைய குரல்.

"அக்கா, இஞ்சை வேற ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லையடா. நீயும் நானும்தான்."

"பெரிய றோட்டில எல்லாரும் கேட்டுக்கொண்டு இருப்பாங்கள்."

"ஓம். இஞ்சை ஒருத்தருக்கும் கேட்காது."

லைற் பச்சையாக மாறியது. அவள் லொறியை எடுக்கவில்லை.

"அக்கா, எனக்கு இஞ்சை தங்கிற காட் தரேல்லை. ரெண்டாந்தரமும் மறுத்துப்போட்டாங்கள். கன நாளாச்சு."

அவள் லொறியைச் சந்தியைத் தாண்டிக் கொண்டுபோய் வீதியோரமாக நிறுத்தினாள். அபாய விளக்கைப் போட்டாள். பின்னால் அவனும் நிறுத்தினான். இரண்டு லொறிகளும் மழையில் மஞ்சள் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு நின்றன. நான் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, கதவைச் சாத்தினேன். வாடிக்கையாளரின் அறையை விட்டு எப்போது வெளியே வரவேண்டும் என்பதும் இந்தத் தொழிலில் கற்க வேண்டிய ஒன்று.

அன்று நான் படகைப் பிடித்துவிட்டேன். இறங்குதுறைக்கு ஓடியே போக வேண்டியிருந்தது. அவளிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை.

அடுத்த நாள் அவளாகவே அழைத்தாள். முதல்நாள் இரண்டு லொறிகளும் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லையாம். அவன் வேலைக்குப் போகும்வரை கதைத்தார்களாம்.

"என்ன சொன்னீர் அவனுக்கு?"

"வா எண்டும் சொல்லேல்லை. அங்கை இரு எண்டும் சொல்லேல்லை. அதெல்லாம் அவன் யோசிக்கிற விசயம். சாப்பிட்டியோ எண்டு கேட்டனான். இல்லை எண்டான். சாப்பிட்டிட்டு வா, நான் லொறியில இருக்கிறன் எண்டனான். போய்ச் சாப்பிட்டிட்டு வந்தவன்." பிறகு சொன்னாள்: "எனக்கு உங்களில கோவம் இல்லை அக்கா. நேத்து இருந்தது."

ரூபனின் விடயம் அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வேறொரு சட்டத்தரணியைப் பிடித்திருப்பதாகவும், தனியறையை விட்டு ஊர்க்காரர் ஒருவரின் குடும்பத்தோடு போய் இருப்பதாகவும் பிறகு அறிந்தேன். அனுமதி கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனி றோட்டு திறக்கப்படுகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். இப்போது அவனே திறந்துவிட்டுக் காத்திருக்கிறானாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நேசன் ஒருநாள் சந்தோசமாக வந்தார். அந்த விளையாட்டின் காவல் நிரல் லினக்ஸை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனிப் பெரிய றோட்டுக்கு எல்லோரும் போகலாம். தடை இல்லை, தந்திரம் இல்லை, ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் போதும். குறிப்புகளிலும் பலர் சோதித்து எழுதியிருக்கிறார்கள். நேசன் முதலில் நினைத்தது வசந்தியைத்தான். நானும் அப்படித்தான். அவள் எங்களிடம் கேட்டு, நாங்கள் கொடுக்காமல் விட்டது அந்த ஒன்றுதான். அன்று ஞாயிறு. உடனே அழைத்தேன்.

"வசந்தி, பெரிய றோட்டு திறந்திட்டுது. இப்ப சொன்னால் நேசன் இஞ்சையிருந்தே சரியாக்கித் தருவார்."

மறுமுனையில் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றாள் தாழ்ந்த குரலில், "அது பூட்டியே கிடக்கட்டும்."

"ஏன்?"

"தம்பி, என்ர கணினியால ஏலாது எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறான். அதுதான் ஒவ்வொரு ஞாயிறும் தனியாத் திறந்து என்னைக் கூப்பிடுறான். நீங்கள் அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ." பிறகு அவசரப்பட்டாள். "வையுங்கோ அக்கா, வையுங்கோ. கூப்பிடுறான்."

அவள் தொலைபேசியை வைக்க மறந்துவிட்டாள். லொறி ஒன்று உறுமிக்கொண்டு புறப்படும் சத்தம் கேட்டது. நேசன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "என்னவாம் அக்கா, சரியாக்கட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாமாம்," என்றேன். "சரியாய்த்தான் ஓடுதாம்."